‘எப்பா’ என்றொரு சொல்

1

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் அக்காவுக்கு என்னால் ஒரு மனக்குறை. தம்பி வெளிநாட்டில் இருக்கிறான் என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்ல முடியவில்லை. எந்த நாடு என்று கேட்கிறார்கள். இலங்கை என்றதும் கேட்டவர் முகத்தில் இருந்த மரியாதை இறங்கிவிடுகிறதாம். பக்கத்து வீட்டுப் பையன் டெக்சாஸில் இருக்கிறான். எதிர்வீட்டு மருமகன் மெல்போர்னில். அவர்களுக்குப் பனி, பனிக்குக் கோட்டு, ராத்திரி பகலாகிற குழப்பம் எல்லாம் இருக்கின்றன. நான் மதுரையில் விமானம் ஏறினால், கொடுத்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதற்குள் கொழும்பு வந்துவிடுகிறது. கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் பெருமைகூடக் கிடையாது. இரண்டு ஊரிலும் ஒரே மணி.

“தமிழ்தான பேசுதாங்க அங்க? பின்ன ஒனக்கு என்னல கஷ்டம்?” என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் கேட்பாள். ஒன்பது வருஷமாகக் கேட்கிறாள். ஒன்பது வருஷமாக “ஒண்ணும் இல்லக்கா” என்று சொல்லி வருகிறேன். இந்தத் தடவை கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

போன மாதம் ஒரே நாளில் இரண்டு படிவங்கள் என் மேசைக்கு வந்தன. ஒன்று, இந்த நாட்டில் இன்னும் ஒரு வருஷம் இருந்துகொள்கிறேன் என்று நான் வருஷாவருஷம் அனுமதி கேட்டு நிரப்புவது. நாலு பக்கம். பிறந்த ஊர், அப்பா பெயர், இங்கே இருப்பதற்கான காரணம் எல்லாவற்றையும் கை தானாகவே எழுதிவிடும். எனக்கு அதில் வேலை கிடையாது.

இன்னொன்று ஒற்றைத் தாள். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் ‘பிள்ளை சொல்லும் சொல்’, வலது பக்கம் ‘எப்போது சொல்கிறார்’. பிள்ளை என்பது என் மகள் வெண்பா. வயது மூன்று. அவள் சரியாகப் பேசவில்லை என்று கண்டியில் பேச்சுச் சிகிச்சை தரும் ஓர் இடத்துக்குப் போயிருந்தோம். ஒரு கிழமை முழுக்க அவள் வாயில் வருவதையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொல்லித் தாளைத் தந்தார்கள். கிழமை என்றால் இங்கே வாரம். பாருங்கள், இதற்குள் ஓர் அடிக்குறிப்புப் போட வேண்டியதாகிவிட்டது. அக்கா கேட்ட கஷ்டம் ஏறக்குறைய இதுதான்.

நாலு பக்கப் படிவம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. ஒற்றைத் தாளில் ஏழு வரி எழுதிவிட்டு, எட்டாவது வரிக்கு ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

2

தேயிலைத் தொழிற்சாலைகளில் தூளையும் காம்பையும் பிரிக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. கோயம்புத்தூரில் செய்கிறார்கள். மேலேயிருந்து கொட்டுகிற ஒவ்வொரு துணுக்கையும் ஒரு காமிரா பார்க்கும். தேயிலை என்றால் விட்டுவிடும். இல்லை என்று அதற்குத் தோன்றினால் ஒரு புஸ் காற்று, துணுக்கு பக்கவாட்டில் பறந்துவிடும். அந்த மெஷினுக்கு இங்கே வைத்தியம் பார்க்க இரண்டு வருஷத்துக்கு என்று என்னை அனுப்பினார்கள். பட்டறை பிலிமத்தலாவையில். வீடு அம்பிட்டியவில், மேட்டில் ஒரு மாடி. இரண்டுக்கும் நடுவே கண்டி நகரமும் அதன் வாகன நெரிசலும். என் ஆயுளில் கணிசமான பகுதி பேராதனைப் பாலத்துக்கு முன்னால் கழிந்திருக்கிறது.

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்காக ஒரு கடிதத்தில் முத்திரை வாங்க அரசாங்க அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி சுகந்தி, யாழ்ப்பாணத்துக்காரி. மூன்று தடவை கடிதத்தைத் திருப்பி அனுப்பினாள். மூன்று தடவையும் பிழை என்னுடையதுதான். நாலாவது தடவை கடிதத்தை விட்டுவிட்டு வேறு விஷயம் கேட்டேன். அவள் யோசித்துவிட்டு “ஓம்” என்றாள். நான் மந்திரத்தின் மிச்சத்துக்காகக் காத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் ‘ஆமாம்’ என்பதை அப்படித்தான் சொல்வார்கள் என்று தெரியும். தெரிந்தும், காதில் முதலில் விழுவது கோயில்தான்.

என் காது அப்படி. எந்தச் சொல்லும் முதலில் அம்பாசமுத்திரம் போய்விட்டுத்தான் இங்கே திரும்பி வரும். சுகந்தி ஒரு நாள், “பிள்ளை இன்னும் கதைக்கேல்லையே, கவனிச்சீங்களோ?” என்று கேட்டபோது வெண்பாவுக்கு இரண்டு வயது. கதைப்பது என்றால் இங்கே பேசுவது. ஆனாலும் ஒரே ஒரு நொடி, இரண்டு வயதில் குழந்தை எதற்குக் கதை சொல்ல வேண்டும் என்று நிம்மதியாக இருந்தது. அடுத்த நொடி அர்த்தம் வந்து சேர்ந்தது. நிம்மதி போய்விட்டது.

வெண்பா என்று பெயர் வைத்ததற்கு நான்தான் பொறுப்பு. தளை தட்டாமல் பேசுவாள் என்று ஓர் ஆசை. அவள் ஓர் அசைகூடச் சொல்லாமல் இருந்தாள்.

3

அந்தச் சமயத்தில்தான் சுகந்திக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்தது. குழந்தையைக் காரணம் காட்டி மேன்முறையீடு எழுதினோம். மூன்று பிரதி. ‘கவனத்திற் கொள்ளப்படும்’ என்று பதில் வந்தது. இன்றுவரை யாரோ கவனத்திற் கொண்டுதான் இருக்கிறார்கள். திங்கட்கிழமை விடிய முன் பஸ் ஏறுவாள், வெள்ளிக்கிழமை பொழுதுபட வருவாள். நடுவில் ஐந்து நாள், மாலை ஐந்தரையிலிருந்து காலை ஏழு வரை, வீட்டில் நானும் மகளும்.

பகலில் பார்த்துக்கொள்ள ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து புஷ்பராணி வருகிறாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகின்றன. காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் போய்விடுவாள். கீழ்வீட்டில் வீட்டுக்காரர் குடும்பம், சிங்களவர்கள். அவர்களுடைய மகள் செனுலிக்கு ஐந்து வயது. பகல் முழுவதும் செனுலியும் வெண்பாவும் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்களாம். நான் பார்த்ததில்லை. நான் வரும்போது படி காலியாக இருக்கும்.

ஆலோசனைகள் நிறைய வந்தன. வீட்டில் ஒரு பாஷைதான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழந்தை குழம்பிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். எண்ணிப் பார்த்தேன். சுகந்தியின் யாழ்ப்பாணத் தமிழ். புஷ்பராணியின் மலைநாட்டுத் தமிழ். கீழ்வீட்டுச் சிங்களம். என்னுடையதை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. வெளியே நான் என் ஊர்ப் பேச்சைப் பேசுவதில்லை. ‘என்னவே’ என்று ஆரம்பித்தால் பட்டறைப் பையன்கள் தென்னிந்தியப் படத்து வில்லனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். அதனால் சலவை செய்து மடித்த தமிழ் ஒன்றை வைத்திருக்கிறேன்; ஒன்பது வருஷமாக அதைத்தான் உடுத்திக்கொண்டு திரிகிறேன். குழந்தையிடமும் அதையே பேசலாம் என்று முடிவு செய்தேன். “வெண்பா, இதோ பார், பசு புல் மேய்கிறது.” செய்தி வாசிப்பவரைப் பார்ப்பதுபோல என்னை மரியாதையாகப் பார்த்தாள். செய்தி முடிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புஷ்பராணியைக் கேட்டால், “பாப்பா எங்கிட்ட நல்லாத்தானே பேசுதுங்க ஐயா” என்பாள். வேலைக்கு வருகிறவள் வேறு என்ன சொல்வாள்? ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டோம்.

4

அந்தத் தாள் வருவதற்கு எட்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்தது. மாலை ஆறரை இருக்கும். சோற்றில் பருப்பைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். நாலாவது கரண்டிக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்தாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்.

“எப்பா.”

இதை வாசிக்கிற ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: எங்கள் பக்கம் அப்பாவைக் கூப்பிடும்போது ‘எப்பா’ என்போம், அம்மாவை ‘எம்மா’. என் அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். தறிச் சத்தத்தில் ஒரு காது போய்விட்டது. அவரை ஒரு தடவை கூப்பிட்டால் போதாது. “எப்பா, எப்பா, எப்போவ்” என்று மூன்றாவது தடவைதான் “என்னல?” என்று திரும்புவார். அவர் போன பிறகு அந்தச் சொல்லை உரக்கச் சொல்ல எனக்குக் காரணம் இல்லாமல் போயிருந்தது. கடல் தாண்டி, மலை ஏறி, அம்பிட்டியவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வாயைச் சுற்றிப் பருப்போடு என் மகள் அதைச் சொல்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான்கூட அவளிடம் என்னை ‘அப்பா’ என்றுதான் சொல்லியிருக்கிறேன். இரத்தத்தில் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். படித்தவன் நான், இருந்தும் அப்படித்தான் முடிவு கட்டினேன்.

சுகந்திக்குப் போன் செய்தேன். சிரித்தாள், “உங்கட ஊர்த் தமிழ்தான் பிள்ளைக்கு முதல் வந்திருக்கு” என்றாள். கொஞ்சம் பொறாமையும் இருந்தது. அக்கா அழுதுவிட்டாள். நான் அழவில்லை, மெஷின்காரன். ஆனால் அன்றைக்கு இரண்டு கரண்டி கூடுதலாக ஊட்டினேன்.

அதற்குப் பிறகு தினமும். ஊட்டினால் எப்பா. குளிக்கத் தூக்கினால் எப்பா. வேலையிலிருந்து வந்து இரண்டு நாள் தாடியோடு முத்தம் கொடுக்கப் போனால் கையை நீட்டிக்கொண்டு எப்பா. எதற்கெடுத்தாலும் அப்பாதான் என் பெண்ணுக்கு. அவள் கூப்பிடக் கூப்பிட நான் இன்னும் கொஞ்சம் ஊட்டினேன், இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன். சில நாள் தட்டு முழுவதும் காலியாகும். கடைசிக் கரண்டியில் என் கண்ணில் தண்ணீர் நிற்கும், அவள் கண்ணிலும் நிற்கும். பருப்பில் மிளகாய் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சனி ஞாயிறில் அம்மா ஊட்டுவாள். அப்போது அந்தச் சொல் வருவதில்லை. எனக்கென்று ஒதுக்கப்பட்ட சொல் என்று அதிலும் ஒரு பெருமை.

பிறகு மெல்ல அது குறைந்தது. ஐந்து தடவை வந்தது மூன்றாயிற்று, ஒன்றாயிற்று. கடைசியில் கரண்டி கிட்டே வந்ததும் வாயைத் திறந்துவிடுவாள். முழுங்குவாள், திறப்பாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கென்று இருந்த ஒரு சொல்லும் போகிறதே என்று பயம் பிடித்தது. ஒரு வெள்ளிக்கிழமை சுகந்தியிடம், யாரிடமாவது காட்ட வேண்டும் என்றேன். பையை இறக்கி வைக்காமலே, “இதைத்தானே நான் ஒரு வருசமாச் சொல்லுறன்” என்றாள்.

5

பேச்சுச் சிகிச்சை பார்த்தவர் ஓர் இளம்பெண். மாத்தளைப் பக்கத்துச் சிங்களவர். எல்லாரும் ‘மிஸ்’ என்று கூப்பிட்டார்கள். வகுப்பில் உட்கார்ந்து தமிழ் படித்திருக்கிறார். “ஐயா, தயவுசெய்து அமருங்கள்” என்றார். ஒன்பது வருஷத்தில் இவ்வளவு நல்ல தமிழை இந்த ஊரில் நான் கேட்டதில்லை. என் சலவைத் தமிழுக்கு முதல் தடவையாக ஒரு ஜோடி கிடைத்ததுபோல இருந்தது.

எழுதிய தாளோடு இரண்டாவது தடவை போன நாள் ஒரு புதன்கிழமை. சுகந்திக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் புஷ்பராணியும் வெண்பாவைக் கூட்டிக்கொண்டு போனோம். மிஸ் தரையில் பாய் விரித்து, படம் போட்ட அட்டைகளைக் காட்டினார். வெண்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். நாற்காலிப் படத்துக்கு நான் நாற்காலி என்றேன், புஷ்பராணி கதிரை என்றாள். பரீட்சை யாருக்கு என்று மிஸ் சிரித்தார்.

பிறகு என் தாளை வாங்கி முதல் வரியை வாசித்தார். வாசித்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தார்.

“எபா,” என்றார்.

அவர் வாயில் அது வேறு மாதிரி ஒலித்தது. நான் திருத்தினேன். எப்பா, மிஸ், ப் வரும். எங்கள் ஊரில் அப்பாவைக் கூப்பிடுகிற விதம் என்றேன். எங்கள் மாவட்டத்தின் பேச்சு வழக்கைப் பற்றிச் சிறு உரையும் ஆற்றினேன் என்று ஞாபகம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எப்போது சொல்வாள் என்று கேட்டார். சாப்பிடும்போது. வேறு? குளிக்கும்போது, தூக்கும்போது. அவள் சொன்னதும் நீங்கள் என்ன செய்வீர்கள்? இன்னும் ஒரு கரண்டி ஊட்டுவேன் என்றேன். என் குரலில் பெருமை இருந்தது. இப்போது அந்தக் குரலை யாராவது எனக்குப் போட்டுக் காட்டினால் அறையை விட்டு எழுந்து போய்விடுவேன்.

ஒரு தடவை செய்து காட்டச் சொன்னார். புஷ்பராணியின் பையில் மாரி பிஸ்கட் இருந்தது. ஒன்றை எடுத்து வெண்பாவின் வாய்க்கு நேரே நீட்டினேன். அவள் தலையைச் சாய்த்தாள். சில மாதமாகவே அபூர்வமாகிவிட்ட அந்தச் சொல் அன்றைக்கு, எல்லாருக்கும் முன்னால், வந்தது.

“எப்பா.”

நான் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தேன். பரிசளிப்பு விழாவில் மேடையைப் பார்க்கிற அப்பன்மாரின் பார்வை. பார்த்துக்கொண்டே பிஸ்கட்டை இன்னும் கிட்டே கொண்டுபோனேன்.

மிஸ் என் மணிக்கட்டைத் தொட்டு நிறுத்தினார்.

“ஐயா, பிள்ளை வேண்டாம் என்று சொல்கிறார். அவர் உங்களைக் கூப்பிடவில்லை.”

சிங்களத்தில் ‘எபா’ என்றால் வேண்டாம். இது ஏதோ அகராதியில் தேடிப் பிடிக்கிற சொல் இல்லை. கண்டி பஸ் நிலையத்தில் லாட்டரிச் சீட்டுக்காரரிடம் சொல்வது, மல்லிகைப் பூ விற்கிற அம்மாவிடம் சொல்வது, மூன்று சக்கர வண்டிக்காரர்களிடம் வரிசையாகச் சொல்வது. இந்த நாட்டுக்கு வந்த மூன்றாம் நாளே நான் கற்றுக்கொண்ட சொல். தினமும் பத்துப் பேரிடம் சொல்கிறேன். என் வீட்டுக்குள், என் மகள், என்னிடம் சொன்னபோது மட்டும் எனக்கு விளங்கவில்லை.

செனுலியிடமிருந்து வந்திருக்கும். பொம்மையைப் பிடுங்கினால் எபா, படியில் தள்ளினால் எபா. அங்கே பழகின சொல்லை நம்பி என்னிடம் கொண்டுவந்திருக்கிறாள்.

புஷ்பராணி பிஸ்கட் பாக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டி மடித்தாள். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

“காலையில பாத்திருக்கேங்க, ஐயா தெரிஞ்சுதான் ஊட்டுறீங்கன்னு நெனச்சேங்க. பிள்ள மெலிவா இருக்குன்னு.”

மிஸ் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் தன் வகுப்புத் தமிழில் ஒவ்வொன்றாக அடுக்கினார். பல மொழிகள் கேட்பதால் பிள்ளை கெட்டுப்போவதில்லை. எந்த மொழியில் சொன்னாலும் சொல் சொல்தான். எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். ஆனால் சொல்லிப் பார்த்து ஒன்றும் ஆகாத இடத்தில் பிள்ளைகள் சொல்வதை நிறுத்திவிடுவார்கள்.

“அவர் ஒரு சொல் சொன்னால், அந்தச் சொல்லால் ஏதாவது நடக்க வேண்டும், ஐயா. அதுதான் பேச்சு.”

நான் பாயை விட்டு எழுந்து வெளியே போய் நிற்கட்டுமா என்று கேட்டேன். போகச் சொன்னார். கதவுக்கு இந்தப் பக்கம் வந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. உள்ளே என் மகள் பேச ஆரம்பித்தாள்.

6

திரும்பி வரும்போது மூன்று சக்கர வண்டியில் வெண்பா புஷ்பராணியின் மடியில் தூங்கிவிட்டாள். என்னென்ன சொல்வாள், எல்லாவற்றையும் சொல்லு என்று கேட்டேன். தாளைத் திருப்பி முழங்கால் மேல் வைத்து எழுதத் தொடங்கினேன். வண்டி குலுங்கியதில் என் கையெழுத்து வைத்தியர் கையெழுத்தாயிற்று.

புஷ்பராணி முதலில் தயங்கினாள். பிறகு விரல் விட்டு எண்ண ஆரம்பித்ததும் நிற்கவில்லை. பாலுக்குக் கிரி. நாய்க்கு பல்லா. நான் இதைக் கேட்டிருக்கிறேன். நாய்க்குப் பல் இருப்பதைச் சொல்கிறாள் என்று நினைத்து, ஏழு சொல்லில் ஒன்றாக ‘பல்’ என்று எழுதியிருந்தேன். பஸ் வந்தால் “போறோம்”. மழை வந்தால் “துணி, துணி”. அம்மாவிடம் போனில் “ஓம்”. என்னைப் பற்றி ஏதாவது சொல்வாளா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

“மத்தியானம் தூக்கம் வந்தா என்னா சொல்லும் தெரியுங்களா? ‘லைட் சாவட்டும்’னு சொல்லும்.” புஷ்பராணி தன்னை மறந்து சிரித்தாள். “எங்க சின்னவன் சொல்றதுங்க அது. அவன் சொன்னத நாந்தான் இங்க சொல்லிக்கிட்டே இருப்பேன், பாப்பா பிடிச்சிக்கிருச்சு.”

தாள் நிறைந்துவிட்டது. அறுபதுக்கு மேல் இருக்கும். என் மெஷின் நினைவுக்கு வந்தது. மூன்று வருஷமாக அவள் வாயிலிருந்து கொட்டியதில் ஏழைத் தேயிலை என்று எடுத்துக்கொண்டு மிச்சத்தையெல்லாம் ஊதித் தள்ளியிருக்கிறேன். எடுத்துக்கொண்ட ஏழிலும் இரண்டு பிழை.

இதில் துக்கப்படுவதற்கு ஒன்றும் இல்லை என்று யாராவது சொல்லலாம். குழந்தைக்குப் பேச்சு இருக்கிறது. மாதம் ஒரு தடவை வந்தால் போதும் என்று மிஸ்ஸும் சொல்லிவிட்டார். போனில் சுகந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “கடவுளே, நான் ஒரு நாளெண்டாலும் கிட்ட இருந்து கேட்டிருக்க வேணும்” என்றாள். அவளுக்கு ஆறுதல் சொன்னேன். அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை. அவளிடம் எப்பா இன்னும் எப்பாவாகவே இருக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறு. இந்த நாட்டில் என் பேச்சைப் பேச ஓர் ஆள் பிறந்துவிட்டாள் என்று எட்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். பாலத்துக்கு முன்னால் வண்டிகள் நகராமல் நிற்கும்போது, ஆறரை மணிக்கு ஒருத்தி என்னை எங்கள் ஊர் மாதிரிக் கூப்பிடப் போகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ஆசைப்பட்டதைக் கேட்டேன், அவள் சொன்னதைக் கேட்கவில்லை. என் அப்பாவுக்குக் காது போனதற்குத் தறிச் சத்தம் என்று ஒரு காரணமாவது இருந்தது.

7

அன்று மாலை புஷ்பராணி பஸ்ஸுக்குப் போன பிறகு, வழக்கம்போலச் சோற்றைப் பிசைந்தேன். வெளியே தூறல். நாலு கரண்டி சரியாகப் போயிற்று. ஐந்தாவதுக்கு அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயைப் பார்த்தேன். கண் ஜன்னலில் இருந்தது. கரண்டியை அந்தரத்திலேயே நிறுத்தினேன். ஊட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. காத்திருந்தேன்.

கரண்டி வராததால் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு, சும்மா ஒரு தடவை சொல்லிப் பார்ப்போம் என்பதுபோல, மெதுவாக,

“எப்பா.”

கரண்டியைக் கீழே வைத்தேன்.

அவள் கரண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் மறுபடி அதைக் கையில் எடுத்தேன். “எப்பா.” வைத்தேன். தண்ணீர்க் கிளாஸை நகர்த்தினேன். “எப்பா.” இருந்த இடத்துக்கே தள்ளினேன். அவள் உதட்டோரத்தில் ஏதோ அசைந்தது.

என் நாற்காலியைக் காட்டிச் சொன்னாள். எழுந்தேன். எழுந்து நின்றதையும் பார்த்துச் சொன்னாள். முன்னறைக்குப் போனேன். தன் நாற்காலியிலிருந்து சறுக்கி இறங்கி, பின்னாலேயே வந்து, அங்கேயும் சொன்னாள். இப்போது குரல் ஏறியிருந்தது. எட்டு மாதத்துப் பாக்கியை ஒரே மாலையில் சொல்லித் தீர்ப்பதுபோல எபா, எபா என்று என்னைத் தள்ளிக்கொண்டே வந்தாள். நான் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி பின்வாங்கினேன். வாசலைத் தாண்டினேன். செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படியின் மேல்தட்டில் போய் நின்றேன். கதவை இரண்டு கையாலும் தள்ளினாள். அது முழுக்கச் சாத்தாமல், ஒரு சாண் இடைவெளி விட்டு நின்றது.

தூறல் என் தோளில் விழுந்தது. கீழ்வீட்டில் தேங்காய் துருவுகிற சத்தம். தலாத்துஓயாப் பக்கம் போகிற பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. வீட்டுக்காரர் படியடியில் வந்து, என்ன மஹத்தயா, வெளியே நிற்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். மகளோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதைச் சரியாகத்தான் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை.

உள்ளே சத்தம் இல்லை. மிஸ் இதை எவ்வளவு தூரம் செய்யலாம் என்று சொல்லித் தரவில்லை. தள்ளிக்கொண்டு போய்விடலாமா என்று யோசித்தேன். கையைக் கதவின் மேல் வைத்தேன், எடுத்தேன். அவள் சொன்னால் ஏதாவது நடக்க வேண்டும். சொல்லாதபோது நான் நடத்தக் கூடாது.

கதவின் இடைவெளியில், என் முழங்கால் உயரத்தில், ஒரு கண் வந்து நின்றது.

“வாங்க,” என்றாள்.

காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரையும், கீழ்வீட்டு அம்மாவையும், வாசலுக்கு வருகிற யாரையும் புஷ்பராணி அப்படித்தான் கூப்பிடுவாள். பெயர் இல்லை, உறவு இல்லை. வெளியே நிற்கிற ஆளை உள்ளே வரச் சொல்கிற சொல்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன்.